ஐந்து விழுக்காடும் அமைச்சர் நாற்காலியும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறி நின்றுபோய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. பக்கத்து வீட்டில் இன்னும் ஒரு தறி ஓடுகிறது. சில மாதங்களுக்கு முன் அதைப் பார்ப்பதற்கென்றே இலங்கையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். ஊர் மருதமுனை. அம்பாறை மாவட்டத்தில், கல்முனைக்கு அருகே, கைத்தறிச் சேலைக்கும் சாரத்துக்கும் பெயர்பெற்ற கடலோர ஊர். 2004 ஆழிப்பேரலை அந்த ஊரைப் புரட்டிப் போட்டதும், பிறகு அது மெல்ல எழுந்ததும் செய்தியாகப் படித்தவைதான். அந்த மண்ணிலிருந்து ஒரு நெசவாளர் வந்து, உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் ஓடிவந்து சேரும் கோர்வையை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டபோது, தொழில் உறவு என்பது எவ்வளவு பழைய உறவு என்று தோன்றியது.

தறியில் இருந்த பெரியவர் அவருடைய பேச்சைக் கேட்டுவிட்டு, "இலங்கைத் தமிழரா தம்பி?" என்றார்.

"இல்லை ஐயா. நாங்க முஸ்லிம். பேசுறது தமிழ்."

பெரியவருக்கு அது விளங்கவில்லை. தமிழ் பேசினால் தமிழர்தானே என்று மறுபடியும் கேட்டார். வந்தவர் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றினார். பிறகு தேநீர் குடிக்கும்போது, அவர்கள் ஊர் அரசியல் பற்றி நான் கேட்டதற்குச் சொன்னார்: "இப்ப மந்திரிசபையில எங்கட ஆள் ஒருத்தரும் இல்ல. அஷ்ரப் சேர் இருந்த காலம் வேற." சற்று நேரம் கழித்து அவராகவே, "இருந்தா மட்டும் என்ன நடந்துபோச்சு?" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்த இரண்டு வாக்கியங்களும் ஒன்றையொன்று மறுப்பவை. இரண்டும் உண்மை என்பதுதான் சிக்கல்.

மொழி ஒன்று, இனம் வேறு

தமிழகத்து வாசகருக்கு முதலில் அந்தப் பெரியவரின் ஐயத்தைத் தீர்க்க வேண்டும். இங்கே ஆம்பூரிலோ கீழக்கரையிலோ தமிழ் பேசும் முஸ்லிம் ஒருவர் தன்னைத் தமிழர் என்று சொல்லிக்கொள்ளத் தயங்குவதில்லை. இலங்கையில் அப்படி அல்ல. அங்கே முஸ்லிம் என்பது சமயத்தின் பெயராகவும் தனியொரு இனத்தின் பெயராகவும் இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் சோனகர் தனிப் பிரிவு. 1880-களில் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். முஸ்லிம் தலைவர்கள் அதை ஏற்கவில்லை. சட்ட நிரூபண சபையில் முஸ்லிம்களுக்கெனத் தனி உறுப்பினர் வேண்டுமா என்ற கேள்வி எழுந்திருந்த காலம் அது. 1889-இல் அந்தத் தனி இடம் கிடைத்தது. ஆக, அந்த அடையாளத் தகராறே ஒரு நாற்காலியை ஒட்டி வளர்ந்ததுதான்.

இது உலகில் வேறெங்கும் இல்லாத விந்தை அன்று. பழைய யூகோஸ்லாவியாவில், செர்பியரும் குரோவாசியரும் பேசும் அதே மொழியைப் பேசிய முஸ்லிம்களை, 1971 கணக்கெடுப்பு 'முஸ்லிம்' என்ற பெயரிலேயே ஒரு தேசிய இனமாகப் பதிவு செய்தது. 1993-இல், போரின் நடுவே, அவர்கள் தங்களைப் போஸ்னியாக்கர் என்று அழைத்துக்கொள்ள முடிவு செய்தார்கள். போஸ்னியாவுக்கு வெளியே, செர்பியாவின் தென்மேற்கில் உள்ள சன்ஜாக் பகுதியிலும் அவர்கள் வாழ்கிறார்கள். செர்பியாவில் அவர்கள் எண்ணிக்கை சுமார் ஒன்றரை லட்சம். அந்தச் சிறு மக்கள்தொகையிலிருந்து வந்த ரசிம் லியாயிச் என்ற மருத்துவர், 2000 முதல் 2020 வரை பெல்கிரேடில் ஆட்சிகள் மாறிமாறி வந்தபோதும் பெரும்பாலும் அமைச்சராகவே இருந்தார். சிறுபான்மையினர் நலம், தொழிலாளர் நலம், வணிகம், துணைப் பிரதமர் எனப் பொறுப்புகள் மாறிக்கொண்டே இருந்தன. ஸ்ரெப்ரெனிட்சாவில் 1995-இல் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட போஸ்னியாக்கர் கொல்லப்பட்ட வழக்கில் தேடப்பட்ட கராட்ஜிச்சும் மிலாடிச்சும் 2008-இலும் 2011-இலும் பிடிபட்டபோது, ஹேக் தீர்ப்பாயத்துடன் ஒத்துழைப்பதற்கான செர்பிய அரசின் குழுவுக்குத் தலைவராக இருந்தவரும் அவரே. கொல்லப்பட்ட இனத்தைச் சேர்ந்த ஒருவர், கொன்றவர்களை வீரர்கள் எனக் கருதுவோர் பலர் வாழ்ந்த நாட்டின் அமைச்சராக அந்த வேலையைச் செய்தார். துணிவா, சமரசமா என்று சன்ஜாக்கில் இரண்டு கருத்துகளும் உண்டு. அதே காலத்தில் அவருடைய போட்டியாளரான சுலைமான் உக்லியானின் 2008 முதல் 2014 வரை 'இலாகா இல்லாத அமைச்சர்'. அதுவும் ஒரு நாற்காலிதான்!

சன்ஜாக்கின் கதையை அங்குள்ளோர் சொல்லட்டும். நம்முடைய மொழியில் நடந்த கதை அஷ்ரபுடையது.

மேடையிலிருந்து மந்திரிசபைக்கு

எம்.எச்.எம்.அஷ்ரப் 1948-இல் சம்மாந்துறையில் பிறந்தார். கல்முனையில் வளர்ந்து வழக்கறிஞரானார். 1977 தேர்தலில் அவர் தமிழர் விடுதலைக் கூட்டணியின் மேடைகளில் பேசினார். தனித் தமிழீழத்தை முன்வைத்துக் கூட்டணி கேட்ட வாக்கு அது. அதற்காகக் கிழக்கின் முஸ்லிம் ஊர்களில் வாக்குக் கேட்டவர் அவர். நான்காண்டுகளில் பாதை மாறியது. 1981-இல் காத்தான்குடியில் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் தோன்றியது. 1986-இல் அது அஷ்ரபின் தலைமையில் முழுமையான அரசியல் கட்சியானது.

காஞ்சிபுரத்துக்காரனுக்கு இந்தப் பாதை அந்நியமாகத் தெரியாது. எங்கள் ஊர் அண்ணா திராவிட நாடு கேட்டுக் கட்சி கண்டார். 1963-இல் அந்தக் கோரிக்கையைக் கைவிட்டார். 1989-இல் அவருடைய கட்சி வி.பி.சிங் அமைச்சரவையில் இடம்பெற்றது. பிரிவினை மேடைக்கும் தேசிய அமைச்சரவைக்கும் இடையிலான தூரம் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத்தான் மிகப் பெரியதாகத் தெரிகிறது. எண்ணிக்கையை எண்ணத் தெரிந்தவர்களுக்கு அது நடந்து கடக்கக்கூடிய தூரம்.

அஷ்ரபுக்கு எண்ணத் தெரிந்திருந்தது. இலங்கை முஸ்லிம்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே கிழக்கில் வாழ்கிறார்கள். எஞ்சியோர் கண்டி, கொழும்பு, புத்தளம், குருநாகல் என்று தீவெங்கும் சிதறிக் கிடக்கிறார்கள். 1978 அரசியலமைப்பு கொண்டுவந்த விகிதாசாரத் தேர்தல் முறை சிதறிக் கிடப்போருக்கு உதவக்கூடியது. ஆனால், அதில் ஒரு வேலி இருந்தது. ஒரு மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 விழுக்காடு வாக்குப் பெறாத கட்சிக்கு அந்த மாவட்டத்தில் ஓர் இடமும் கிடையாது. சிறிய கட்சி எதுவும் வளர முடியாத வேலி.

1988-இன் இறுதியில் குடியரசுத் தலைவர் தேர்தல் வந்தது. நாடு தெற்கிலும் வடக்கிலும் எரிந்துகொண்டிருந்த நேரம். அதற்குச் சில வாரங்களுக்கு முன் நடந்த வடகிழக்கு மாகாண சபைத் தேர்தலில் முஸ்லிம் காங்கிரஸ் 17 இடங்களை வென்று தன் பலத்தைக் காட்டியிருந்தது. பிரேமதாசாவுக்கு ஒவ்வொரு வாக்கும் தேவைப்பட்டது. அஷ்ரப் அவரிடம் அமைச்சர் பதவி கேட்கவில்லை. வேலியின் உயரத்தைக் குறைக்கக் கேட்டார். 1988 டிசம்பரில், வாக்குப்பதிவுக்கு முன்பாகவே, அரசியலமைப்பின் 15-ஆவது திருத்தம் நிறைவேறியது. 12.5 விழுக்காடு 5 விழுக்காடு ஆனது. அடுத்த பிப்ரவரியில் நடந்த பொதுத்தேர்தலில் முஸ்லிம் காங்கிரஸ் நான்கு இடங்களுடன் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது.

அஷ்ரபின் அரசியல் வாழ்வில் நிலைத்து நிற்பது இந்த ஒன்றுதான் என்பது என் கருத்து. அதை அவர் அமைச்சராகும் முன்பே பெற்றார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

துறைமுகம் கொடுத்ததும் கொடாததும்

இடையில் 1990 வந்தது. ஆகஸ்ட் 3-ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ எழுபதாயிரம் பேர் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் சில மணி நேரம். இவற்றை நாம் தமிழகத்தில் அதிகம் பேசுவதில்லை. 1983-ஐப் பற்றி எழுதிய பேனாக்கள் பல 1990-ஐக் கடக்கும்போது மை வற்றிப்போகின்றன. என் பேனாவையும் சேர்த்தே சொல்கிறேன். மருதமுனைக்காரர் 'நாங்க முஸ்லிம்' என்று சொன்னபோது சிரித்தார் அல்லவா, அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இதுவும் இருக்கிறது.

1994 ஆகஸ்ட் தேர்தலில் சந்திரிகாவின் பொதுசன ஐக்கிய முன்னணி 225-இல் 105 இடங்களைப் பெற்றது. முஸ்லிம் காங்கிரஸுக்கு ஏழு. பதினேழு ஆண்டு ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சி முடிவுக்கு வருவதற்கு அந்த ஏழும் வேண்டியிருந்தது. அஷ்ரப் துறைமுகங்கள், கப்பல்துறை, புனர்வாழ்வு, புனரமைப்பு ஆகியவற்றின் அமைச்சரானார்.

ஆறாண்டுகளில் அவர் செய்தவை கிழக்கில் கண்ணால் காணக் கிடைப்பவை. துறைமுக அதிகார சபையில் கிழக்கிலங்கை இளைஞர்களுக்கு வேலைகள் கிடைத்தன. 1995-இல் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. மறு ஆண்டே அது முழுப் பல்கலைக்கழகம் ஆனது. போரினால் மற்ற வளாகங்களுக்குப் போக முடியாமல் தவித்த மாணவர்களுக்காக எழுந்த அது, இன்று எல்லா இன மாணவரும் படிக்கும் இடம். அமைச்சர் நாற்காலி ஒன்றுக்கும் உதவாது என்று சொல்வோர் ஒலுவில் வளாகத்தை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

அதே ஒலுவிலில் அவர் கனவு கண்ட துறைமுகத்தின் கதை வேறு. அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, டென்மார்க்கின் கடனுதவியோடு கட்டப்பட்டு, 2013-இல் மகிந்த ராஜபக்ச அதைத் திறந்துவைத்தார். வணிகக் கப்பல் போக்குவரத்து ஏற்படவில்லை. கடற்கரை அரிக்கப்பட்டு, மீனவர்களும் தென்னந்தோப்புக்காரர்களும் நிலத்தை இழந்ததாக முறையிட்டதே மிச்சம். இதைப் படித்து யாரும் நமட்டுச் சிரிப்புச் சிரிக்க வேண்டாம். 2004-இல் தமிழகமும் புதுவையும் சேர்த்து நாற்பதுக்கு நாற்பதும் வென்ற கூட்டணியின் பலத்தில் நமக்கும் தில்லியில் கப்பல்துறை கிடைத்தது. 2005 ஜூலையில் மதுரையில் தொடங்கிவைக்கப்பட்ட சேதுசமுத்திரத் திட்டம் எங்கே நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். மாநிலக் கட்சிக்கும் சிறுபான்மைக் கட்சிக்கும் கப்பல்துறையைக் கொடுப்பதில் தலைநகரங்களுக்கு என்ன நாட்டமோ!

ஆனால், மண்ணும் மணலும் சம்பந்தப்பட்டவற்றைவிடப் பெரிய கேள்விகள் அஷ்ரபின் மேசையில் இருந்தன. வடக்கிலிருந்து துரத்தப்பட்டோர் புத்தளத்து முகாம்களில் கிடந்தார்கள். புனர்வாழ்வு அமைச்சர் அவர்களுடைய தலைவர். இருந்தும் அவர்களை ஊர் திரும்பச் செய்ய அவரால் இயலவில்லை. போர் அவர் கையில் இல்லை. அதிகாரப் பகிர்வுப் பேச்சில் கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில் பகுதிகளைக் கொண்ட தென்கிழக்கு அலகு ஒன்றை அவர் கேட்டார். அதுவும் கிடைக்கவில்லை. வேலையும் கட்டடமும் ஓர் அமைச்சர் தன் துறையிலிருந்து கொடுக்கக்கூடியவை. நிலமும் எல்லையும் பாதுகாப்பும் முழு அமைச்சரவையும் மனமுவந்து கொடுக்க வேண்டியவை. ஏழு இடங்களால் முதலாவதை வாங்க முடிந்தது. இரண்டாவதை வாங்க முடியவில்லை.

நமக்கு 2009 நினைவிருக்கிறது. தமிழகத்து அமைச்சர்கள் தில்லியில் இருந்தார்கள். செம்மொழி அறிவிப்பு அதற்கு ஐந்தாண்டு முன்னரே வந்துவிட்டது. முள்ளிவாய்க்காலில் மே மாதம் நடந்ததை அந்த நாற்காலிகளால் நிறுத்த முடியவில்லை. நிறுத்த முயன்றார்களா என்ற தகராறு எங்கள் ஊர்த் தேநீர்க் கடைகளில் இன்றும் ஓயவில்லை.

2000 செப்டம்பர் 16 அன்று கொழும்பிலிருந்து அம்பாறை நோக்கிப் புறப்பட்ட அஷ்ரபின் ஹெலிகாப்டர், கேகாலை மாவட்டம் அரநாயக்கவில் மலைப்பகுதியில் விழுந்து நொறுங்கியது. அவருக்கு வயது 51. அதற்கு முந்தைய ஆண்டுதான் 'நான் எனும் நீ' என்ற தம் கவிதைத் தொகுப்பை வெளியிட்டிருந்தார். கடைசி நாள்களில் முஸ்லிம் காங்கிரஸைத் தாண்டி, எல்லா இனத்தவருக்குமான தேசிய ஐக்கிய முன்னணி என்ற கட்சியைக் கட்ட முயன்றுகொண்டிருந்தார். இனக் கட்சியின் பலமும் அதன் வரம்பும் அவரைவிட நன்றாக வேறு யாருக்கும் தெரிந்திருக்க முடியாது.

அறைக்குள் இருந்தும் இல்லாதவர்கள்

அவருக்குப் பிறகு நடந்தது நாற்காலிகளின் பெருக்கம். மனைவி பேரியல் அஷ்ரப் ஒரு பக்கம், ரவூப் ஹக்கீம் ஒரு பக்கம், பின்னர் அதாவுல்லா, ரிஷாத் பதியுதீன் எனக் கட்சி பல கிளைகளாயிற்று. ஒவ்வொரு அரசும் ஏதேனும் ஒரு கிளையை, சில வேளைகளில் எல்லாக் கிளைகளையும், அமைச்சரவையில் அமர்த்திக்கொண்டது. அமைச்சர்கள் கூடினார்கள், பேரம் பேசும் வலிமை குறைந்தது. 2002-இல் தாய்லாந்தில் புலிகளுக்கும் அரசுக்கும் பேச்சுவார்த்தை தொடங்கியபோது முஸ்லிம்கள் தமக்கெனத் தனித் தரப்பு கேட்டார்கள். ஹக்கீம் அங்கே போனார். ஆனால், அரசுத் தூதுக்குழுவின் வரிசையில், ஓர் அமைச்சராக. மூன்றாவது தரப்பாக இருக்க வேண்டியவர் இரண்டாவது தரப்பின் உறுப்பினராக உட்கார்ந்தார். அமைச்சர் பதவி ஒரு சமூகத்தின் குரலை உயர்த்தும் என்பார்கள். அது அந்தக் குரலை விழுங்குவதும் உண்டு.

2019-இல் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பின், முஸ்லிம் அரசியல்வாதிகள் மீது சந்தேகமும் வெறுப்பும் கிளம்பியபோது, ஜூன் 3 அன்று அமைச்சர், இராஜாங்க அமைச்சர், பிரதி அமைச்சர் எனப் பதவியில் இருந்த முஸ்லிம்கள் ஒன்பது பேரும் ஒன்றாக விலகினார்கள். பிளவுபட்டிருந்த கிளைகள் ஒன்றுசேர்ந்து செய்த அரிய காரியம் அது. வெளியேறும் கதவைப் பயன்படுத்தத் தெரிந்த அந்த ஒரு கணத்தில்தான் அவர்கள் உண்மையான பிரதிநிதிகளாகத் தெரிந்தார்கள் என்று எனக்குப்பட்டது. பின்னர் சில வாரங்களில் ஒவ்வொருவராகத் திரும்பியும் விட்டார்கள்.

மறு ஆண்டு வந்தது கடுமையான சோதனை. கொரோனாவால் இறந்தோரைக் கட்டாயம் எரிக்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் கோத்தபய ராஜபக்ச அரசு ஆணையிட்டது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் சொன்னது, அரசு செவிசாய்க்கவில்லை. அடக்கம் செய்வதைச் சமயக் கடமையாகக் கொண்ட மக்களின் உடல்கள் எரிக்கப்பட்டன. டிசம்பரில், பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையின் உடலும் எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டி எதிர்ப்பைச் சொன்னார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் முதல் நாட்டின் நீதி அமைச்சர் யார் தெரியுமா? அலி சப்ரி, ஒரு முஸ்லிம். கோத்தபயவின் வழக்கறிஞராக இருந்தவர், தேசியப் பட்டியல் வழியே வந்தவர். அவர் மனத்தளவில் அந்த ஆணையை எதிர்த்தார் என்றே வைத்துக்கொள்வோம். எரிப்பது நிற்கவில்லை. அவர் விலகினால் அரசு கவிழ்ந்துவிடாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 1994-இல் அஷ்ரபின் இருக்கைக்கும் 2020-இல் அலி சப்ரியின் இருக்கைக்கும் உள்ள வேறுபாடு அவர்களுடைய குணத்தில் இல்லை. எழுந்து போனால் என்ன ஆகும் என்பதில் இருந்தது.

இன்னும் கசப்பானது ஒன்று. அதே அக்டோபரில் குடியரசுத் தலைவரின் அதிகாரத்தைப் பெருக்கும் 20-ஆவது திருத்தத்துக்கு மூன்றில் இரு பங்கு வாக்குத் தேவைப்பட்டது. எதிர்க்கட்சி வரிசையில் இருந்த முஸ்லிம் காங்கிரஸ் உறுப்பினர்கள் பலர், தங்கள் தலைவர் எதிர்த்து வாக்களித்தபோதும், ஆதரித்து வாக்களித்தார்கள். உடல்கள் எரிந்துகொண்டிருந்த மாதம் அது. ஆணை விலகியது 2021 பிப்ரவரி இறுதியில், பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்பு வந்து சென்ற மறுநாள். ஒரு நீதி அமைச்சராலும் கைவசம் இருந்த வாக்குகளாலும் ஆகாதது, ஜெனீவாவில் ஆதரவு தேடிய ஓர் அரசுக்கு வெளிநாட்டு விருந்தாளி ஒருவரின் வருகையால் ஆயிற்று. அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது 2024 ஜூலையில்.

பழைய பாதைகளையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். ஏ.சி.எஸ்.ஹமீது சிங்களவர் பெரும்பான்மையாக வாழ்ந்த தொகுதியில் வென்று, 1977 முதல் 1989 வரை வெளியுறவு அமைச்சராக இருந்தார். தேசியக் கட்சிக்குள் இருந்தே உயர முடியும் என்பதற்கு அவர் சான்று. மலையகத்தின் சௌமியமூர்த்தி தொண்டமான் 1978 முதல் அமைச்சர். 1983-இல் தம் மக்கள் தாக்கப்பட்டபோதும் அமைச்சரவையில்தான் இருந்தார். குடியுரிமைச் சிக்கல் தீரத் தொடங்கியது, 1986 தை மாதத்தில் தோட்டத் தொழிலாளர் வேலையை நிறுத்திவிட்டுப் பிரார்த்தனையில் அமர்ந்த பிறகு. உள்ளே அமைச்சர், வெளியே தொழிற்சங்கம் என்று இரண்டு கால்களில் நின்றதால் அவரால் பெற முடிந்தது.

வேலியைத் தாண்டி வந்தவர்கள்

இனி இன்றைய நிலைக்கு வருவோம். 2024 நவம்பரில் அநுர குமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்தி 225-இல் 159 இடங்களைப் பிடித்தது. அமைந்த அமைச்சரவையில் தமிழர் இருவர் இடம்பெற்றனர். முஸ்லிம் ஒருவரும் இல்லை. ஆளுங்கட்சியில் முஸ்லிம் உறுப்பினர்கள் இருந்தார்கள். பிரதி சபாநாயகர் பதவியும் பிரதி அமைச்சர் பதவியும் கொடுக்கப்பட்டன. தகுதியைப் பார்த்தோம், இனத்தைப் பார்க்கவில்லை என்பது அந்தத் தரப்பினர் கூறும் விளக்கம். இனவாதத்தைத் தேர்தல் கருவியாக்காமல் வென்ற கட்சி அது என்பதால் இந்த விளக்கத்தை நான் எடுத்த எடுப்பில் தள்ளிவிட மாட்டேன். ஆனால், மக்கள்தொகையில் ஏறத்தாழ பத்தில் ஒருவராக உள்ள சமூகத்தில் தகுதியுள்ள ஒருவர்கூடக் கண்ணில் படவில்லை என்றால் குறை யாருடைய பார்வையில்?

நமக்கும் விரல் நீட்டும் உரிமை அதிகமில்லை. 2022 ஜூலையில் முக்தார் அப்பாஸ் நக்வி விலகிய பின் மத்திய அமைச்சரவையில் முஸ்லிம் ஒருவரும் இல்லை. 2024 ஜூனில் பதவியேற்ற, பிரதமருடன் சேர்த்து 72 பேர் கொண்ட அவையிலும் அப்படியே.

கொழும்பில் மட்டும் ஒரு வேடிக்கை உண்டு. 2020 பொதுத்தேர்தலில் தேசிய மக்கள் சக்திக்கு நாடு முழுவதும் கிடைத்தது மூன்றே இடங்கள். ஒன்று தேசியப் பட்டியல். மற்றவை கொழும்பு மாவட்டத்தில் ஒன்று, கம்பகாவில் ஒன்று. கொழும்பில் அந்தக் கட்சி பெற்றது 5.7 விழுக்காடு, அந்த இடத்தில் வென்றவர் அநுர குமார திசாநாயக்க. கம்பகாவில் ஐந்தை மயிரிழையில் தாண்டியது; வென்றவர் விஜித ஹேரத், இன்றைய வெளியுறவு அமைச்சர். பழைய 12.5 விழுக்காட்டு வேலி இருந்திருந்தால் மாவட்டங்களில் இருவருமே வாசலில் நின்றிருப்பார்கள். 1988-இல் ஒரு முஸ்லிம் வழக்கறிஞர் தம் சமூகத்துக்காகப் பேரம் பேசித் தாழ்த்திய வேலியைத் தாண்டித்தான், இன்று முஸ்லிம் ஒருவரும் இல்லாத அமைச்சரவையை அமைத்தவர்கள் அன்று உள்ளே வந்தார்கள். செர்பியாவும் 2004 முதல் சிறுபான்மைக் கட்சிகளுக்கு ஐந்து விழுக்காட்டு வரம்பிலிருந்து விலக்கு அளித்தது. அங்கே அந்தப் பயன் சிறுபான்மையினரோடு நின்றுவிட்டது. அஷ்ரப் கேட்டது எல்லோருக்குமான விதி.

அந்த விதிகள்தாம் இப்போது மீண்டும் மேசைக்கு வரவிருக்கின்றன. இலங்கையில் மாகாண சபைத் தேர்தல்கள் ஆண்டுக்கணக்கில் முடங்கியதற்குக் காரணம், தொகுதி முறையையும் விகிதாசாரத்தையும் கலந்து 2017 செப்டம்பரில் அவசரமாக நிறைவேற்றப்பட்ட சட்டத் திருத்தம். தொகுதி எல்லைகள் சிறுபான்மையினரைச் சிதறடிக்கும் என்ற அச்சம் அப்போதே இருந்தது. அமைச்சரவையில் இருந்த முஸ்லிம் கட்சித் தலைவர்கள் தயங்கினார்கள். இறுதியில் ஆதரித்து வாக்களித்தார்கள். மறு ஆண்டு எல்லை நிர்ணய அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தபோது ஒருவர்கூட அதை ஆதரிக்கவில்லை. 139-க்குப் பூச்சியம் என்று தோற்றது. பழைய முறையை ஒழித்தாயிற்று, புதிய முறை பிறக்கவில்லை. நாற்காலியில் அமர்ந்துகொண்டே தங்கள் காலடி மண்ணை எழுதிக் கொடுத்த கதை இது.

எந்த முறையில் மாகாண சபைத் தேர்தல், நாடாளுமன்றத்துக்கு எத்தகைய தேர்தல் முறை, வாக்கு வரம்பு எவ்வளவு என்பதைத் தீர்மானிக்கும் வலிமை இன்று மூன்றில் இரு பங்குக்கு மேல் வைத்திருக்கும் ஆளுங்கட்சியிடம் இருக்கிறது. அந்த வரைவு அமைச்சரவையின் முன் வைக்கப்படும் நாளில், ஒலுவிலிலோ மருதமுனையிலோ புத்தளத்திலோ அது என்ன செய்யும் என்று கேட்க ஒருவர் அந்த அறையில் இருக்க வேண்டும். அவர் எழுந்து போனால் யாரேனும் கவலைப்படவும் வேண்டும். முதலாவதை அநுர குமார திசாநாயக்க நாளைக்கே செய்துவிடலாம். இரண்டாவது, அவரிடம் கேட்டு வாங்கக்கூடியதன்று. பல கிளைகளாகிக் கிடக்கும் முஸ்லிம் கட்சிகள் 1988-இல் அஷ்ரப் எதைக் கேட்டார், எதைக் கேட்காமல் விட்டார் என்பதைத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்.